எங்கே வலிக்கிறது? சைக்கிளை உடம்புக்கு ஏற்பச் சரிசெய்யும் வழி

கை மரத்துப்போகிறது என்று ஹேண்டில்பாருக்கு ஸ்பாஞ்ச் கிரிப் வாங்கி மாட்டுவார்கள். பத்து நாள் கழித்தும் விரல் மரத்துப்போகும். பல நேரம் கோளாறு ஹேண்டில்பாரில் இருப்பதில்லை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கும். உட்கார்ந்தவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார். அந்த வழுக்கலைத் தடுத்துத் தடுத்தே இரண்டு உள்ளங்கையும் ஓய்ந்துபோகும். வலிக்கும் இடம் ஒன்று, பிசகு இருக்கும் இடம் வேறு.

அதனால் எந்த வலியாக இருந்தாலும் கை வைக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் சீட்டின் உயரம், அடுத்து அதன் முன்பின் இடம், பிறகு அதன் சாய்வு. ஹேண்டில்பார் கடைசி. சீட்டை நகர்த்தினாலே ஹேண்டில்பாருக்கு உள்ள தூரமும் உயரமும் மாறிவிடும் என்பதால், ஹேண்டில்பாரை முதலில் தொட்டவர் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும். மாற்றிய பிறகு பழகிய பாதையில் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். சீட்டை ஏற்றி, ஹேண்டில்பாரையும் தூக்கி, அன்றைக்கே ஏற்காடு கிளம்பினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தேவையானவை: 4, 5, 6 மி.மீ. அலன் கீ, 13 மற்றும் 14 ஸ்பானர், பெடலுக்கு 15 ஸ்பானர், இஞ்ச் டேப், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் (போனில் உள்ள மட்டமும் போதும்), ஒரு மரக்கட்டை, சுத்தியல், கொஞ்சம் கிரீஸ், இன்சுலேஷன் டேப்.

முதலில் அடிப்படை உயரம்

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவுடன் ஏறி உட்காருங்கள். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சீட் பைப்பின் நேர்கோட்டில் கீழே வரும்படி பெடலை இறக்குங்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் முழுக்க நீண்டு, குதிகால் பெடலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. இப்போது பாதத்தின் முன் பந்தை (விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டை) பெடல் அச்சின் மேல் வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு தானாகக் கிடைக்கும்.

அளவெடுத்தே பார்க்க விரும்புபவர்கள், வெறுங்காலில் சுவரை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டில் அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கலாம். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இரண்டு முறைக்கும் அதிக வித்தியாசம் வந்தால் அளந்ததில் தவறு இருக்கலாம். மறுபடி அளந்து பாருங்கள்.

இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்ற முடியாது. நுனிவிரல்தான் எட்டும். சைக்கிளை நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிற்பதை நினைத்துப் பலர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். வயதானவர்களும் புதிதாகப் பழகுபவர்களும் 2 செ.மீ. தாழ்த்திக்கொள்ளலாம், தவறில்லை. அதே உயரத்தில் மலையேறக் கூடாது.

முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலி

சீட் தாழ்வாக இருக்கிறது, அல்லது ரொம்ப முன்னால் இருக்கிறது, அல்லது கியர் கனமாக இருக்கிறது. பெரும்பாலும் முதலாவதுதான். முழங்கால் அதிகம் மடிந்த நிலையில் மிதிக்கும்போது சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் மிதி ஆகிவிடும் என்பதால் சிறு அழுத்தமும் வலியாக மாறுகிறது.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் இதை நிறையப் பார்க்கலாம். வாங்கிய அன்று சீட் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை இருக்கும். அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்க ஓட்டுகிற பிள்ளையைப் பார்த்தால், வீட்டில் ஒரு ஸ்பானரை எடுத்து ஐந்து நிமிடம் செலவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) துருவேறி இறுகியிருந்தால் சுத்தியலால் மேல்நோக்கி அடிக்காதீர்கள். கிளாம்ப் நட்டை முழுக்கத் தளர்த்தி, இணைப்பில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் சீட்டையே கைப்பிடியாக வைத்து இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித் தூக்குங்கள். வெளியே வந்ததும் துடைத்து கிரீஸ் பூசி மாட்டினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. போஸ்டில் பொறித்திருக்கும் அதிகபட்சக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. கோடே இல்லாத போஸ்ட் என்றால் குறைந்தது 65 மி.மீ. உள்ளே இருக்கட்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் நீளமான போஸ்ட் வாங்குங்கள்.

ஏற்றி வைத்த சீட் ஓட்ட ஓட்ட இறங்கிவிடுகிறது என்றால் பெரும்பாலும் போஸ்ட் ஃப்ரேமுக்குப் பொருந்தாத சைஸ். 25.4 மி.மீ. வேண்டிய இடத்தில் 25 மி.மீ. போட்டிருப்பார்கள். தகரத் துண்டை மடித்துச் செருகுவது ஒரு வாரத்துக்குத்தான் நிற்கும். சரியான சைஸ் வாங்கி மாட்டுவதே தீர்வு.

சீட் உயரம் சரி, ஆனாலும் முன்பக்கம் வலிக்கிறது என்றால் முன்பின் இடத்தைப் பாருங்கள். பெடல்களைத் தரைக்குக் கிடையாக வைத்து, முன்னால் உள்ள காலின் சில்லுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து குண்டுநூலைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின் மேல், அல்லது ஒரு சென்டிமீட்டர் பின்னால் விழ வேண்டும். அச்சுக்கு முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். 10 மி.மீ. பின்னால் போனால் சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் சுமார் 3 மி.மீ. கூடும், உயரத்தை அந்த அளவுக்குக் குறையுங்கள். இந்த நூல் கணக்கைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாமல் ஓட்டுபவர் நூலுக்காகச் சீட்டை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, கியர். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள், இடையில் இளைப்பாறச் சமதளம் மிகக் குறைவு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள கியரில்லா சைக்கிளில் ஒரு மிதிக்குச் சக்கரம் 2.4 சுற்று சுற்றியாக வேண்டும். அதை அந்த ஏற்றத்தில் முழங்கால்தான் சுமக்கிறது. கியர் சைக்கிளில் முன் பல்லும் பின் பல்லும் சமமாக வரும் ஒரு கியராவது இருக்கட்டும். பெடல் நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் கியரைக் குறைக்க வேண்டும் என்று பொருள். குறைக்க வேறு கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். சீட்டை எவ்வளவு சரிசெய்தாலும் கனமான கியர் தரும் வலி போகாது.

முழங்காலின் பின்பக்கம் இழுக்கிறது, இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது

சீட் உயரம் அதிகம். பின்னால் வருபவரை உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெல்ட் இடமும் வலமும் சரிந்தால் கால் எட்டாமல் இடுப்பு இறங்கிப் போய் மிதிக்கிறது. 5 மி.மீ. இறக்குங்கள், ஆட்டம் நிற்கும்வரை இதையே செய்யலாம். தொடையின் உள்மடிப்பில் உராய்ந்து புண்ணாவதும் கீழ்முதுகு வலிப்பதும் பல நேரம் இந்த ஆட்டத்தால்தான். செருப்பிலிருந்து தடித்த ஷூவுக்கு மாறினாலும், ஷூவிலிருந்து செருப்புக்கு வந்தாலும் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை மாறும் என்பதை மறக்காதீர்கள்.

ஒரே ஒரு முழங்காலில், பக்கவாட்டில் வலி

இங்கே சீட்டைத் தொடுவதற்கு முன் வண்டியைச் சோதியுங்கள். சீட் பிசகு என்றால் பெரும்பாலும் இரண்டு காலுக்கும் வலிக்கும். ஒரு கால் மட்டும் என்றால், கீழே விழுந்தபோதோ ஸ்டாண்டில் சாய்ந்தபோதோ பெடல் அச்சு வளைந்திருக்கலாம். சைக்கிளை நிறுத்திவைத்து, கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே பெடலின் மேற்பரப்பைப் பின்னாலிருந்து கவனியுங்கள். அது தட்டையாக வராமல் உள்ளும் புறமும் தள்ளாடினால் அச்சோ கிராங்கோ வளைந்திருக்கிறது. அந்தத் தள்ளாட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் கணுக்காலை முறுக்கி, முறுக்கு முழங்காலில் போய் முடிகிறது. பெடலை மாற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள்: கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

பழைய இரும்பு சைக்கிளில் காட்டர் பின்னையும் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆணி) பாருங்கள். தேய்ந்த பின் என்றால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று உதறும். புதுப் பின்னை நட்டு போட்டு இழுத்து இறுக்க முயன்றால் மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னை அடித்து உட்காரவைத்து, பிறகு நட்டை இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டைப் பாருங்கள்.

வண்டி சரி என்றால் பாதத்தின் கோணம். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதே கோணத்தில் பெடலிலும் இருக்கட்டும். நேராக வைக்க வேண்டும் என்று பாதத்தைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். கிளீட் ஷூ (அடியில் பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் துண்டு உள்ள ஷூ) போடுபவர்கள் கிளீட்டின் பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் திருப்புங்கள்.

உட்காரும் இடத்தில் வலி, மரத்துப்போதல்

பழக்கமில்லாதவருக்கு முதல் இரண்டு வாரம் உட்காரும் எலும்பு வலிப்பது இயல்பு. அது இரண்டு புள்ளியாக வலிக்கும், தானாக அடங்கும். நடுவில் மரத்துப்போவது அப்படியல்ல. அங்கே நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்துகின்றன. அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. உடனே சரிசெய்ய வேண்டும்.

சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தி, சீட்டின் நீளவாக்கில் ஒரு அட்டையை வைத்து அதன் மேல் ரசமட்டம் வையுங்கள். குமிழி நடுவில் நிற்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நடுப்பகுதி அழுந்தும். கீழே சாய்ந்திருந்தால் பாரம் கைக்கு ஓடும். சாய்வை ஒரு டிகிரிக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். மட்டமாக வைத்தும் மூன்று டிகிரிக்கு மேல் சாய்த்தால்தான் சௌகரியம் என்று தோன்றினால், சீட் தவறான அகலம் அல்லது ஹேண்டில்பார் எட்டாத தூரம்.

மலையில் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் முழுச் சைக்கிளும் 3.4 டிகிரி பின்னால் சாய்கிறது. ஊருக்குள் மட்டமாக இருந்த சீட், வளைவுகளில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அடிவாரத்திலிருந்து மேலே வரை விடாமல் ஏறுபவர்களுக்கு நடுவில் மரத்துப்போவது இதனால்தான். வாரா வாரம் ஏற்காடு ஏறுபவர் மூக்கை ஒன்று முதல் ஒன்றரை டிகிரி தாழ்த்திக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று முப்பது மிதி மிதிப்பது அதைவிட நல்லது.

பழைய வகை சீட்டில் சாய்வை மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் 14 ஸ்பானர் பிடிக்கும் நட்டு இருக்கும். அதன் உள்ளே வட்டமான இரண்டு தட்டுகளில் நுண்ணிய பற்கள் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும். நட்டை அரைகுறையாகத் தளர்த்திவிட்டுச் சீட்டை அமுக்கித் திருப்பினால் அந்தப் பற்கள் நறநறவென்று மழுங்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் மேடு பள்ளத்தில் மூக்கு தூக்கிக்கொள்ளும். இரண்டு நட்டையும் நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, தட்டுகள் விலகுவதைக் கண்ணால் பார்த்து, சீட்டைத் திருப்பி, பல் பல்லோடு உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். ஏற்கெனவே மழுங்கியிருந்தால் அந்த கிளாம்பை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். நெளி அட்டைப் பெட்டித் துண்டை மரப்பலகை நாற்காலியில் வைத்து, முழங்காலைத் தூக்கி உட்கார்ந்து லேசாக முன்னால் குனியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரத்தோடு 20 முதல் 30 மி.மீ. சேர்த்தால் சீட்டின் பின்பக்க அகலம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கு இந்த இடைவெளி பொதுவாகக் கூடுதல். வீட்டில் அண்ணன் சைக்கிளைத் தங்கை ஓட்டும்போது வரும் வலிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெல் கவர் நீண்ட தூரத்துக்கு உதவாது. எலும்பு அதில் புதைந்து, நடுவில் உள்ள ஜெல் மேலே பிதுங்கி, அழுத்தக் கூடாத இடத்தை அழுத்தும். தொய்ந்துபோன தோல் சீட்டிலும் இதே கதைதான். அதன் மூக்குக்கு அடியில் உள்ள இழுப்பு நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள்.

கை, விரல் மரத்துப்போதல்

எந்த விரல் என்று முதலில் கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் விழுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கிய நிலையில் நிற்கிறது.

முதல் வகைக்கு மருந்து சீட்டில்: மூக்கின் சாய்வு, பிறகு சீட்டின் முன்பின் இடம். சீட் ரொம்ப முன்னால் இருந்தாலும் உடம்பின் பாரம் கைக்கு வரும். இரண்டாவது வகைக்கு பிரேக் லீவரைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி லீவர் மேல் விரல் வைத்தால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் லீவர் தரைக்குக் கிடையாக நிற்கும். விரல் வைக்க மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். லீவர் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி 30 முதல் 45 டிகிரி கீழே திருப்புங்கள். டயரில் காற்று கல் போல அடித்திருந்தாலும் அதிர்வில் கை மரக்கும். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுகளில் கீழ் அளவிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இறக்கத்தில் கை ஓய்ந்துபோவது தனி. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது வளைவுக்கும் பிரேக் பிடித்தாக வேண்டும். லீவர் தூரமாக இருந்தால் விரல் நுனியால் பிடிக்க வேண்டிவந்து, பாதி மலையிலேயே பிடி தளரும். இது ஆபத்து. லீவரின் உள்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும் (2 அல்லது 2.5 மி.மீ. அலன் கீ, சிலவற்றில் ஸ்க்ரூடிரைவர்). அதை உள்ளே திருகினால் லீவர் கைக்கு அருகில் வரும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் வசதியாக உட்கார வேண்டும். அருகில் கொண்டுவந்த பிறகு முழு பலத்தோடு பிடித்துப் பாருங்கள். லீவர் கிரிப்பைத் தொட்டால் கேபிளை இறுக்காமல் மலைக்குப் போகாதீர்கள்.

கழுத்து, தோள், கீழ்முதுகு

ஹேண்டில்பார் தூரம் அல்லது தாழ்வு. முழங்கை விறைத்து நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். லேசாக மடிந்திருக்க வேண்டும், மேல்கைக்கும் உடம்புக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம். எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கழுத்து வலி போய் முழங்கால் வலி வந்து சேரும். சீட் முழங்காலுக்கானது, தூரத்தை ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) குறையுங்கள்.

பழைய வகை ரோட்ஸ்டர் சைக்கிளில் ஹேண்டில் தண்டு ஃபோர்க்குக்குள் ஆப்பு வைத்து நிற்கிறது. மேலே உள்ள போல்ட்டை நான்கு சுற்றுத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். போல்ட் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு அடி கொடுத்தால் உள்ளே ஆப்பு விடும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பித் தூக்குங்கள். இங்கேயும் அதிகபட்சக் கோடு உண்டு, மீறாதீர்கள். ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக்) வண்டியில் தூக்குவதற்கு முன் பிரேக் ராடின் நட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஹேண்டில்பாரோடு ராடும் மேலே வந்து முன் பிரேக் ரிம்மைக் கவ்விக்கொள்ளும். முடிந்ததும் பிரேக் கட்டையின் இடைவெளியைப் புதிதாகச் சரிசெய்யுங்கள்.

புது வகை சைக்கிளில் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். 90 மி.மீ. நீளம், 7 டிகிரி கோணம் உள்ள ஸ்டெம் கீழ்நோக்கி இருந்தால், திருப்பியதும் ஹேண்டில்பார் சுமார் 2 செ.மீ. உயரும், காசு செலவில்லாமல். இறுக்கும் வரிசை முக்கியம். முதலில் மேல்மூடிப் போல்ட்: முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடப்பு இருக்கக் கூடாது, ஹேண்டில்பாரும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். அதன் பிறகே பக்கவாட்டுப் போல்ட்டுகள், மாறி மாறி, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு. பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். கடைசியாக ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இன்னும் தூரமாக இருந்தால் 10 மி.மீ. குட்டையான ஸ்டெம்.

பாதம் எரிச்சல், விரல் மரத்தல்

ஷூ கயிற்றைத் தளர்த்துங்கள். ஏற்றத்தில் பாதம் வீங்கும். அதிலும் போகவில்லை என்றால் பாதத்தை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பெடல் அச்சு பந்துக்குச் சற்றுப் பின்னால் வரும்படி மிதியுங்கள். மெல்லிய ரப்பர் செருப்பில் பெடலின் விளிம்பு குத்தும். நீண்ட தூரத்துக்கு அது வேண்டாம்.

முழங்காலில் வீக்கம், மடக்கினால் பூட்டிக்கொள்வது, இறங்கி நடந்த பிறகும் தீராத மரப்பு, விரலில் பலம் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ யாராவது சீட்டை இறக்கினாலும் அதே உயரத்துக்குத் திரும்ப ஏற்றலாம். உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம், இந்த இரண்டு அளவையும் போனில் எழுதி வையுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும், தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.